லேபிளில் இடம்பெறாத பெயர்கள்

இளையராஜாவின் 536 இசைப் படைப்புகள் யாருக்கு உரியவை என்ற வழக்கு 2022இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தொடுத்தது சோனி மியூசிக். ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ், எக்கோ ஆகிய பழைய நிறுவனங்கள் வழியாக அந்த உரிமை தனக்கு வந்திருப்பதாக அது சொன்னது. வழக்கைச் சென்னைக்கு மாற்றும்படி இளையராஜா தரப்பு நிறுவனம் கேட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. தேநீர்க் கடையிலும் கல்யாண வீட்டிலும் இரவுப் பேருந்திலும் தமிழர்கள் கேட்டு வளர்ந்த பாட்டுகள், மும்பைக் கோட்டைப் பகுதியில் ஒரு மனுவின் பின்னிணைப்பில் வரிசை எண்களாக நிற்கின்றன.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருள் அல்ல. அந்தப் பின்னிணைப்புதான் என் அக்கறை. ஒரு பாட்டை இன்ன பாட்டு என்று காட்டும் அட்டவணையில் எந்தக் கட்டங்கள் இருக்கின்றன, எவை இல்லை என்பதைப் பொறுத்தே பணமும் பெயரும் போய்ச் சேரும் இடம் அமைகிறது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளாக இந்தக் கட்டங்களை வரைந்தவர்கள், பெரும்பாலும், பதிவை விற்றவர்கள். பாடியவர்களும் வாசித்தவர்களும் அவற்றுக்குள் தங்கள் பெயரை நுழைக்கப் போராட வேண்டியிருந்தது. தமிழ்ப் பாட்டைப் பொறுத்தவரை அந்தப் போராட்டத்தின் முக்கியமான களங்களில் ஒன்று மும்பை. எழுத்தாளர், இசையமைப்பாளர்களுக்கு உரிமைத்தொகை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். 1969இல் இங்கேதான் தொடங்கியது. பெரிய இசை நிறுவனங்கள் பலவற்றின் தலைமையகமும் இங்கேதான். தாராவியிலிருந்து நடந்து வந்து மாஹிமில் ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் அந்தேரி, ஐ.பி.ஆர்.எஸ். அலுவலகம் அங்கே இருக்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்கள் பலரும் அந்தத் தடத்தில் போய்வருகிறவர்கள்தான். ஆனால் அந்த அலுவலகத்தில் எதற்காகப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது பாடுகிற பிள்ளைகளுக்கே அண்மைக் காலம் வரை தெரியாமல் இருந்தது.

முதலில் இசைத்தட்டுக்கு வருவோம். 1902 இறுதியில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்தார். அந்த ஒரே பயணத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பதிவுகளை மெழுகில் எடுத்து, ஜெர்மனியில் ஹானோவர் நகர ஆலைக்கு அனுப்பினார். அங்கே தட்டை அச்சிட்டவர்களுக்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. பாடகி கௌஹர் ஜான் தம் பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னது, லேபிளில் யார் பெயரை அச்சிடுவது என்று ஆலைக்காரருக்குத் தெரியத்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். விளக்கம் எதுவானாலும், நாம் கேட்கும் மிகப் பழைய இந்தியத் தட்டுகளில் ஒரு கலைஞர் தம் பெயரைத் தாமே பதிவு செய்து வைத்திருக்கிறார்.

அந்தத் தட்டுகளில் இரண்டு வகை எண்கள் உண்டு. லேபிளில் அச்சான எண் கடைக்காரருக்கானது. பட்டியலைப் பார்த்துத் தட்டைத் தருவிக்க உதவுவது. வரிகள் முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில் பொறித்திருக்கும் எண் வேறு. அது மெழுகில் எடுத்த அந்தக் குறிப்பிட்ட பதிவின் எண். ஆங்கிலத்தில் மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். அதே பாடகர் அதே பாட்டை மறுமுறை பாடினால் அந்த எண் மாறும். கிராமபோன் கம்பெனித் தட்டுகளில் அதன் வாலில் ஓர் எழுத்தும் இருக்கும். எந்த ஒலிப்பதிவாளர் எடுத்தது, எத்தனை அங்குலத் தட்டு என்பதை அந்த எழுத்து சொல்லிவிடும். ஒலியைப் பிடித்தவரின் பெயர் லேபிளில் எங்கும் இல்லை. அவர் இருந்ததற்கான தடயம், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் ஒற்றை எழுத்து. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் இந்த எண்களை ஒவ்வொன்றாகத் திரட்டி, 1899 முதல் 1908 வரையிலான இந்தியப் பதிவுகளை வரிசைப்படுத்திய நூலை 1994இல் பம்பாய் பாப்புலர் பிரகாஷன் வெளியிட்டது. இசை வரலாறு பற்றிப் பேசும் பலர் அந்த நூலைத் தொட்டதுகூட இல்லை. எண்களால் நிறைந்த நூல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பாடினிகளின் வருகைப் பதிவேடாகத் தெரிகிறது.

பேசும்படம் வந்ததும் நிலைமை சிக்கலானது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் பம்பாயில்தான் உருவானது. அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் மூவிடோன் தயாரித்தது; ஹெச். எம். ரெட்டி இயக்கினார், டி. பி. ராஜலட்சுமி பாடி நடித்தார். பாட்டுகளை மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதினார். படச்சுருள் இன்று இல்லை. தமிழ்த் திரையிசையின் முதல் ஒலி, தமிழ் பேசாத ஊரில் பிறந்து, நம் காதுக்கு எட்டாமலே போய்விட்டது. மிச்சமிருப்பவை பெயர்கள் மட்டுமே. அந்தப் பெயர்களும் இல்லாமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே பம்பாயில் பெயர் இல்லாமலே போன ஒரு தட்டு வந்தது. பாம்பே டாக்கீஸின் ‘மஹல்’ 1949இல் வெளியானபோது, அதன் மிகப் புகழ்பெற்ற பாட்டின் தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்றிருந்தது. காமினி படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரம். பாடியவர் லதா மங்கேஷ்கர். வானொலிக்குக் கடிதங்கள் குவிந்த பிறகுதான், நிலையத்தார் இசைத்தட்டு நிறுவனத்திடம் கேட்டறிந்து அவர் பெயரை அறிவித்தார்கள். திரையில் வாயசைக்கும் முகத்துக்குத்தான் குரல் சொந்தம் என்ற மயக்கத்தைக் காக்க, ஒரு கற்பனைப் பெண்ணைப் பாடகியாக அச்சிட்டிருக்கிறார்கள். லதாவுக்கு நேர்ந்ததே இது என்றால், கோரஸ் பாடிய பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே நம் பழைய மரபை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பரிபாடலில் இன்று கிடைப்பவை இருபத்திரண்டு முழுப் பாடல்கள். பலவற்றின் அடியில் ஒரு குறிப்பு உண்டு: பாட்டு யாருடையது, இசை யாருடையது, பண் எது. கடுவன் இளவெயினனார் பாட்டு, பெட்டனாகனார் இசை, பண் பாலையாழ் என்ற அளவில் அந்தக் குறிப்பு இருக்கும். எழுதியவரும் இசை வகுத்தவரும் தனித்தனி ஆட்கள், இருவருக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும் என்று அந்தக் குறிப்பை எழுதியவர் தெளிவாக அறிந்திருந்தார். குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெயர் தெரியாத புலவரை வெறுமனே விட்டுவிட மனமின்றி, அவர் பாட்டில் வந்த அரிய தொடரையே அவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீராரும் அணிலாடு முன்றிலாரும் அப்படி வந்தவர்கள். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது.

பாட்டைத் தேடி எடுப்பதற்கும் நம்மிடம் ஒரு முறை இருந்தது: முதற்குறிப்பு அகராதி. உ. வே. சாமிநாதையர் காலம் முதல் நல்ல பதிப்புகளின் கடைசிப் பக்கங்களில் செய்யுள்களின் முதற்சொற்கள் அகர வரிசையில் நிற்கும். சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும், இசைத்தட்டுப் பட்டியலும், பின்னாளில் கேசட் உறையும் இதே வழியைத்தான் பின்பற்றின. தமிழில் திரைப்பாட்டுக்குத் தனித் தலைப்பு கிடையாது, முதல் அடியே பெயர். ஆனால் முதல் அடி எது? பல்லவிக்கு முன்னால் தாளமில்லாமல் வரும் தொகையறா சிலவற்றில் நான்கு வரி ஓடும். பாட்டுப் புத்தகம் அதிலிருந்து தொடங்கும். தட்டின் லேபிள் பல்லவியிலிருந்து தொடங்கும். கேசட்டில் இடமில்லை என்று தொகையறாவையே வெட்டியவர்களும் உண்டு. ஒரே பாட்டு இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும். இன்றைய இணையப் பாட்டுக் கடைகளிலும் இந்தக் குழப்பம் அப்படியே தொடர்கிறது.

இதையெல்லாம் நேர் செய்தவர்கள் அறிவிப்பாளர்களும் சேகரிப்பாளர்களும்தான். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையில் மயில்வாகனன் முதல் கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது வரை ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாலோ பின்னாலோ படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லிக் கொண்டே வந்தார்கள். கோடிக்கணக்கான காதுகளில் ஏறிய அட்டவணை அது. ஹிந்தியில் இந்த வேலையைத் தாளில் செய்தவர் கான்பூரைச் சேர்ந்த வங்கி ஊழியர் ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’. 1931இலிருந்து பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு படத்தின் ஒவ்வொரு பாட்டையும், பாடியவர், எழுதியவர், இசைத்தட்டு எண்ணுடன் ‘ஹிந்தி ஃபிலிம் கீத் கோஷ்’ என்ற தொகுதிகளாக வெளியிட்டார். மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் உருவானது. அதை நடத்தி ‘தி ரெக்கார்ட் நியூஸ்’ இதழைக் கொண்டுவந்த சுரேஷ் சந்த்வன்கர், கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். தமிழில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் படங்களுக்குச் செய்ததை, வி. ஏ. கே. ரங்கா ராவ் சென்னையில் தட்டுகளுக்குச் செய்தார். நிறுவனங்கள் கைவிட்ட பொறுப்பைத் தனி மனிதர்கள் சொந்தக் காசில் சுமந்தார்கள். இதை ஒரு பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போனால் இதே கதையின் இன்னொரு முகம் தெரியும். கர்நாடக இசைத் தட்டையோ கேசட்டையோ எடுத்துப் பாருங்கள்: கீர்த்தனை, ராகம், தாளம், இயற்றியவர், வயலின் யார், மிருதங்கம் யார், எல்லாம் அச்சாகியிருக்கும். 1952இல் தொடங்கிய ஷண்முகானந்த சபையின் அழைப்பிதழிலும் பக்கவாத்தியக்காரர் பெயர் இல்லாமல் கச்சேரி இல்லை. இந்த மரபுக்குள் வளர்ந்தவர்கள் பலர் மும்பைத் திரையிசைக்குப் போனார்கள். மாட்டுங்காவில் ஹெச். ஏ. எஸ். மணி, அலமேலு மணி தம்பதியின் மகன் ஹரிஹரன். செம்பூரில் வளர்ந்தவர் சங்கர் மகாதேவன். அவருக்கும் பம்பாய் ஜெயஸ்ரீக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் டி. ஆர். பாலாமணி. இவர்கள் கச்சேரித் தட்டில் பாடினால் பின்னால் வாசித்த வயலின்காரருக்கும் பெயர் உண்டு. திரைப்பாட்டில் பாடினாலோ ஐம்பது வயலின் ஒலிக்கும், ஒரு பெயரும் இருக்காது. கிரெகரி பூத் 2008இல் எழுதிய நூல் மும்பை ஒலிப்பதிவுக் கூடங்களின் இந்தப் பெயரற்ற வாத்தியக்காரர்களையும், மெட்டுக்கு வாத்திய இசை எழுதிக் கொடுத்த அரேஞ்சர்களையும் நேரில் சந்தித்துப் பதிவு செய்தது. கோவாவிலிருந்து வந்த செபாஸ்டியன் டி’சூசாவும் அந்தோணி கொன்சால்வஸும் எத்தனையோ படங்களின் ஒலியை வடிவமைத்தவர்கள். தட்டின் லேபிளில் அதற்குக் கட்டமே இல்லை. தமிழில் ரஹ்மான் 1990களில் கேசட் உறைகளில் வாசித்தவர்கள், ஒலிப்பதிவாளர்கள் பெயரை வரிசையாக அச்சிடத் தொடங்கியது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தப் பின்னணியில்தான் புரியும்.

சட்டம் என்ன சொன்னது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். அதாவது அந்தப் பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர். பாடியவர் அல்ல. 1984இல் சேர்க்கப்பட்ட 52ஏ பிரிவு, ஒலிப்பதிவின் மீதும் உறையிலும் என்னென்ன அச்சிட வேண்டும் என்று சொல்கிறது: பதிவை உருவாக்கியவரின் பெயர், முகவரி, பதிப்புரிமை உள்ளவரின் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு. பாடகர் பெயர் அந்தப் பட்டியலில் கட்டாயமில்லை. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதே நிலைதான். நாட்டின் சட்டமே லேபிளில் முதலாளிக்கு மட்டும் கட்டாய இடம் ஒதுக்கியது. 1977இல் ஐ.பி.ஆர்.எஸ். வழக்கில் உச்ச நீதிமன்றம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்துக்காக எழுதப்பட்ட இசைக்கும் பாட்டுக்கும் முதல் உரிமையாளர் படத் தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது. அதில் பின்னுரை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், நம் சட்டத்தில் பாடுபவருக்கு இடமே இல்லாத குறையை எடுத்துச் சொன்னார். பாடுபவருக்கு உரிமை வந்தது 1994 திருத்தத்தில். எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் உரிமைத்தொகைப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக் கொடுக்கவே முடியாது என்றாக்கியது 2012 திருத்தம். மாநிலங்களவையில் அதற்காக ஜாவேத் அக்தர் உழைத்ததை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் உரிமை இருந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. எந்தப் பாட்டு, எந்தப் பதிவு, எந்த ஆள் என்று அடையாளம் தெரிந்தால்தான் வரும்.

அந்த அடையாளத்துக்கு இன்று மூன்று எண்கள் உண்டு. பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி.; 1986இல் பன்னாட்டுத் தரமானது, பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்டது. இந்தியாவில் அதை வழங்கும் பொறுப்பு, 1936இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி என்ற அமைப்பிடம் இருக்கிறது. படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி.; டி என்ற எழுத்தில் தொடங்கும். ஆளுக்கு ஐ.பி.ஐ. எண். மெட்டும் சொல்லும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதைப் பாடிப் பதிந்த பதிவுகள் பல என்ற பிரிவினை இதில் முக்கியம். ‘ரோஜா’வின் தமிழ்ப் பாட்டும் அதன் ஹிந்தி வடிவமும் ஒரே மெட்டு, சொல் வேறு, பதிவு வேறு, ஆகவே எண்ணும் வேறு. 1902இன் மேட்ரிக்ஸ் எண் செய்த வேலையைத்தான் ஐ.எஸ்.ஆர்.சி. செய்கிறது, அதன் குறையோடு சேர்த்து. அந்தப் பன்னிரண்டு இடத்தில் யார் பெயரும் இல்லை. பெயர் வேறொரு தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். அங்கே யாராவது உட்கார்ந்து சரியாக நிரப்பியிருக்க வேண்டும்.

நிரப்புவதில்தான் தமிழ்ப் பெயர் தடுமாறுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ. முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும் படிவத்தில் எஸ். ஜானகி என்ன செய்வார்? ஒரு பட்டியலில் எஸ். ஜானகி, இன்னொன்றில் ஜானகி எஸ். ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது இளையராஜாவில் எத்தனை ‘ஏ’, நடுவில் ‘ஐ’ உண்டா இல்லையா, சுசீலாவில் ‘ஹெச்’ உண்டா என்று ஆளுக்கொரு வழக்கம். பம்பாய் ஜெயஸ்ரீயில் ‘பம்பாய்’ என்பதை முதற்பெயராக எடுத்துக்கொள்ளும் கணினியும் இருக்கும். படத்தின் பெயரை வைத்துத் தேடினாலும் தீராது. ‘பில்லா’ 1980இலும் உண்டு, 2007இலும் உண்டு. ‘பொல்லாதவன்’ படத்துக்கும் அதே இரண்டு ஆண்டுகள். ராபர்ட் கே 2000இல் தொடங்கிய மியூசிக்பிரைன்ஸ் என்ற பொதுத் தரவுத்தளம், ஒவ்வொரு கலைஞருக்கும் ஒரு நிலையான குறியீடு கொடுத்து எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அதன் கீழ் சேர்ப்பதன் மூலம் இதற்கு ஒரு வழி காட்டியது. பார்சிலோனா பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா நடத்திய காம்ப்மியூசிக் ஆய்வு, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.களின் ஆய்வாளர்களோடு சேர்ந்து, கர்நாடக இசைப் பதிவுகளின் விவரத்தை அதே தளத்தில் ஏற்றியது. ராகத்துக்கும் தாளத்துக்கும் அங்கே இப்போது தனிக் கட்டம் இருக்கிறது. பண் பெயரை எழுதிவைத்த பரிபாடல் குறிப்பாசிரியரின் பேரப் பிள்ளைகள் இவர்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

ஒலியை வைத்தே பாட்டைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் இருக்கும்போது பெயரெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஷஸாம் 2002இல் பிரிட்டனில் வந்தபோது தொலைபேசியில் நான்கு எண்ணை அழுத்தி, கடையில் ஓடும் பாட்டுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஏவரி வாங் 2003இல் வெளியிட்ட விளக்கத்தின்படி, அது ஒலியில் மிக உரத்து நிற்கும் அதிர்வெண் புள்ளிகளை மட்டும் எடுத்து, இரண்டிரண்டாக இணைத்து, அந்த இணைகளைத் தன் கிடங்கோடு ஒப்பிடுகிறது. ரயில் இரைச்சலிலும் வேலை செய்வது அதனால்தான். ஆனால் அது கண்டுபிடிப்பது பதிவை, பாட்டை அல்ல. செம்பூரில் கச்சேரி கேட்டுப் பழகியவர் பல்லவி எடுப்பிலேயே கீர்த்தனையைச் சொல்லிவிடுவார், யார் பாடினாலும். இயந்திரத்துக்கு அதே கீர்த்தனையின் இரண்டு பதிவுகள், தொடர்பே இல்லாத இரண்டு ஒலிகள். கிடங்கில் இல்லாத குரல் அதற்கு ஒலியே அல்ல.

தாராவியில் இதன் விளைவு கூர்மையாகத் தெரிகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் தமிழிலும் ஹிந்தியிலும் மராத்தியிலும் கலந்து ராப் பாடுகிறார்கள். டோப்படெலிக்ஸ் குழு 2018இல் பா. ரஞ்சித்தின் ‘காலா’வில் சந்தோஷ் நாராயணன் இசையில் பல பாட்டுகளில் ஒலித்தபோது, தாராவி தன்னைப் பற்றிய படத்தில் தன் குரலிலேயே பேசியது. மறு ஆண்டு வந்த ‘கல்லி பாய்’ படத்தில், மும்பை மிருதங்கக் கலைஞர் விவேக் ராஜகோபாலன் ராப்பர்களைக் கர்நாடகத் தாளச் சொற்கட்டோடு சேர்த்தார். பெரிய படத்தில் பெயர் வந்துவிட்டால் நல்லது. ஆனால் ஆண்டு முழுவதும் இவர்கள் தாங்களே வெளியிடும் பாட்டுகளின் கணக்கு வேறு.

ஒரு மடிக்கணினி, ஒரு மைக், இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பீட். அந்த பீட்டைச் செய்தவரைத்தான் ராப் உலகில் ப்ரொட்யூசர் என்கிறார்கள். அவர் அதே பீட்டை இன்னும் பலருக்கு வாடகைக்குக் கொடுத்திருப்பார். மலிவு உரிமத்தின் விதியே அதுதான். முதலில் வாங்கிய எவரோ தம் பாட்டை யூட்யூபின் கன்டென்ட் ஐ.டி.யில் சேர்த்துவிட்டால், 2007 முதல் இயங்கும் அந்த முறை அடுத்து வரும் பாட்டுகளில் அதே ஒலியைக் கேட்டு, வருமானத்தை முதலில் சேர்த்தவர் பக்கம் திருப்பிவிட முடியும். பலருக்கும் பொதுவான இத்தகைய ஒலியைச் சேர்க்கக் கூடாது என்று யூட்யூபின் விதியே சொல்கிறது. விதியை மீறுபவரை எதிர்த்து முறையிட வேண்டிய சுமை, சொந்தமாக வரி எழுதிப் பாடிய பிள்ளையின் தலையில் விழுகிறது. வெளிநாட்டு விநியோக நிறுவனம் வழியாகப் பாட்டை ஏற்றினால், தாராவிச் சந்தில் பதிந்த பாட்டின் ஐ.எஸ்.ஆர்.சி. அமெரிக்க முன்னெழுத்தோடு பிறக்கலாம். இதில் தவறு எதுவுமில்லை. 2019 திருத்தத்துக்குப் பின் முன்னெழுத்து நாட்டைக் குறிப்பதாகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் யார் பெயர் இருக்கிறது என்று பாடியவர் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குழுவின் பெயர் போதாது. ஐ.பி.ஐ. எண் தனித்தனி ஆளுக்கு. நான்கு பேர் சேர்ந்து எழுதிய பாட்டில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பதிவு நாளன்றே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நட்பில் கணக்கு எதற்கு என்று தள்ளிப் போடக் கூடாது. கணக்குத் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் உலகமே பார்த்த சான்று ‘எஞ்சாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவிய பாட்டு அது. தீயும் அறிவும் பாடியது, அறிவு எழுதியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. அதே ஆண்டு ஒரு பெரிய இசை இதழின் அட்டையில் அறிவு இடம்பெறவில்லை, பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு, பாட்டின் உருவாக்கத்தில் யார் பங்கு என்ன என்று மூவரும் தனித்தனியே பொதுவெளியில் விளக்க வேண்டிவந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சொன்னார். பாட்டை அறியாத தமிழர் குறைவு, உருவாக்கியவர்கள் முகம் தெரிந்தவர்கள், கணக்கு மட்டும் தெளிவாகவில்லை. நிலமற்ற பாட்டியின் உழைப்பைப் பாடிய பாட்டுக்கே இது நேர்ந்தது.

பழைய பதிவுகளைப் பொறுத்தவரை நேரம் குறைவாக இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள். ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965இல் வந்தது. அதன் இசைத்தட்டும் அந்த ஆண்டே வெளியானது என்றால், 2026 ஜனவரி 1 முதல் அந்த ஒலிப்பதிவு பொதுச் சொத்து. பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு, படைத்தவர் இறந்த ஆண்டிலிருந்து அறுபது. அந்தப் படத்துக்குப் பாட்டு எழுதிய இருவரில் கண்ணதாசன் 1981இல் மறைந்தார், அவர் வரிகள் 2041 முடியும்வரை காக்கப்படும். வாலி 2013இல் மறைந்தார், அவர் வரிகள் 2073 வரை. இசையமைத்தவர்களில் ராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015இலும் மறைந்தார்கள். கூட்டுப் படைப்பில் கடைசியாக மறைந்தவரிலிருந்து எண்ண வேண்டும் என்பதால் இசை 2075 வரை. ஒரே தட்டில் நான்கு தேதிகள். எந்தப் பாட்டைக் கண்ணதாசன் எழுதினார், எதை வாலி எழுதினார் என்ற ஒரு கட்டத்தில் பிழை நேர்ந்தால், முப்பத்திரண்டு ஆண்டு வருமானம் இடம் மாறிவிடும்.

ஆண்டுதோறும் ஜனவரியில் இப்படி ஒரு தொகுதி வெளியே வருகிறது. 1966இல் வெளிவந்தவை 2027 ஜனவரி 1 அன்று வரும். அந்தப் பதிவுகளைப் பொது நூலகங்களில் ஏற்றும்போது, வயலின், தபேலா, கிளாரினெட் வாசித்தவர் யார், வாத்திய இசை எழுதியவர் யார், ஒலிப்பதிவு செய்தவர் யார் என்ற கட்டங்களோடு ஏற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்தக் கூடங்களில் இளைஞர்களாக உட்கார்ந்து வாசித்தவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் இருக்கின்றன. மும்பையில் சேகரிப்பாளர் சங்கத்தின் இதழ்கள் இருக்கின்றன. கேட்டு எழுதிக்கொள்ள ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், பழைய தட்டைப் போட்டுக் காட்டி இது யார் வாசித்தது ஐயா என்று கேட்கும் ஓர் ஆளும் போதும்.